பட்டறையில் பிறக்க வேண்டிய சொல்

(தொழிலாளரும் மாணவரும் ஒருங்கே கூடிய தமிழவையில் நிகழ்த்தப்பெற்ற உரை)



தமிழ் மேடை என்றால் கழக நூல்கள் பேசப்பெறும். மூவேந்தர் பெருமை பேசப்பெறும். ஆட்சிமொழிச் சிக்கல் பேசப்பெறும். அவை பேசப்பெற வேண்டியவையே. ஆயினும், இன்றைய உரை அவற்றுள் எதைப் பற்றியதும் அன்று. ஊர்தியின் முகப்பு விளக்கைப் பற்றியது. அவ்விளக்குக்கும் மின்கலத்துக்கும் இடையே பொருத்தப்பெறும், உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு சிறு பெட்டியைப் பற்றியது. அப்பெட்டியைப் பட்டறைகளில் 'ரிலே' என்கின்றனர். மொழி மேடைக்கும் அந்தப் பெட்டிக்கும் என்ன உறவு என்று அவையோருட் சிலர் வியக்கலாம். உறவு உண்டு. அவ்வுறவு அறுந்து கிடப்பதாலேயே கம்பிகள் எரிகின்றன என்பதைக் காட்டுவதே இவ்வுரையின் நோக்கம்.

பட்டறைக் காட்சி

நெடுஞ்சாலையோரச் சிற்றூர் ஒன்றை எண்ணிக்கொள்ளுங்கள். அங்கே ஒரு பட்டறை. பத்தொன்பது அகவை இளைஞர் ஒருவர் ஊர்திகளின் மின்பணி பார்க்கிறார். பத்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவர்; கைத்திறத்திற் குறைவில்லாதவர். நள்ளிரவிற் காய்கறி ஏற்றிச் சந்தைக்குச் செல்லும் பழைய கூடுந்து ஒன்றின் ஓட்டுநர் அவரிடம் வருகிறார்.

"தம்பி, முன்விளக்கு மங்கலாக இருக்கிறது. பள்ளம் மேடு தெரியவில்லை. ஏதாவது செய்து கொடு" என்கிறார்.

"செய்துவிடலாம் அண்ணா" என்கிறார் இளைஞர்.

விளக்கு மங்கல் என்றால் பெரிய குமிழ் போட வேண்டும் என்பதே அவர் கற்றது. 60/55 வாட்டுக் குமிழ்களைக் கழற்றிவிட்டு 100/90 வாட்டுக் குமிழ்களை மாட்டுகிறார். ஒளி சற்றுக் கூடுகிறது. இருவரும் மகிழ்கின்றனர். சில நாளில் உருகி எரிந்துபோகிறது. புதிய உருகி போடுகிறார், அதுவும் எரிகிறது. மூன்றாம் முறை, உருகி இருந்த இடத்தில் ஒரு செப்புக் கம்பியை முறுக்கி வைத்துவிடுகிறார். இனி எரியாது என்று நம்புகிறார். அவர் நம்பியபடியே அக்கம்பி எரியவில்லை. எரிந்தது வேறொன்று. ஓர் இரவு, ஓட்டுநரின் கைப்பிடிக்குக் கீழே இருந்த சொடுக்கி உருகியது, கம்பிகளின் மேலுறை கருகியது, புகை எழுந்தது, விளக்குகள் இரண்டும் ஒருங்கே அவிந்தன. மணிக்கு 60 கிலோமீட்டர் விரைவிற் செல்லும் ஊர்தி ஒரு நொடியிற் பதினாறு மீட்டருக்கு மேற் கடக்கும். இருளில் எத்தனை நொடி, எத்தனை மீட்டர் என்பதை நீங்களே எண்ணிப் பாருங்கள்.

இஃது யாரோ ஒருவர்க்கு மட்டும் நேர்ந்ததன்று. எந்த ஊரிலும் நேரக்கூடியது. இதிற் குற்றம் யாருடையது? அந்த இளைஞர் சோம்பேறி அல்லர், ஏமாற்றுபவர் அல்லர். அவர் பட்டறைத் தட்டிலேயே அந்தச் சிறு பெட்டி இருந்தது. அதனுடன் ஒரு தாளும் இருந்தது. அத்தாள் ஆங்கிலத்தில் இருந்தது. பெட்டியின் அடியில் 30, 85, 86, 87 என்று நான்கு எண்கள் இருந்தன. 'இந்தக் கம்பியை இதில் மாட்டு, அந்தக் கம்பியை அதில் மாட்டு' என்று மூத்தவர் ஒருவர் என்றோ சொன்னதுண்டு. ஏன் என்று அவரும் சொன்னாரல்லர். அவருக்கும் யாரும் சொன்னாரல்லர். அறிவு அயல்மொழித் தாளிற் பூட்டிக் கிடந்தது. கை மட்டும் தமிழ்நாட்டில் உழைத்தது. பூட்டைத் திறக்கும் கடமை யாருக்கு உண்டோ அவர்க்கே குற்றமும் உண்டு.

விளக்கு ஏன் மங்குகிறது?

முதலில் மங்கலுக்கு என்ன கரணியம் என்று காண வேண்டும். குமிழ் சிறிது என்பது பெரும்பாலும் கரணியம் அன்று; குமிழுக்கு மின்னழுத்தம் முழுமையாகப் போய்ச் சேராமையே கரணியம்.

பழைய ஊர்திகள் பலவற்றில் மின்கலத்திலிருந்து புறப்படும் கம்பி ஓட்டுநரின் முன்பலகைக்கு வருகிறது. அங்கே சொடுக்கிக்குள் நுழைகிறது. மீண்டும் முகப்புக்குத் திரும்பிச் சென்று விளக்கை அடைகிறது. உயர்கதிரில் 60 வாட்டுக் குமிழ்கள் இரண்டும் சேர்ந்து 120 வாட்டு. 12 வோல்ட்டு மின்கலத்தில் அது 10 ஆம்பியர் மின்னோட்டம். அந்தப் பத்து ஆம்பியரும் அவ்வளவு நீளக் கம்பி வழியாகவும், சொடுக்கியின் சிறு தொடுமுனைகள் வழியாகவும் ஓட வேண்டும். ஒரு சதுர மில்லிமீட்டர் பருமனுள்ள செப்புக் கம்பி ஐந்து மீட்டர் நீளமிருப்பின் அதன் தடை ஏறத்தாழ 0.086 ஓம். பத்து ஆம்பியர் ஓடினால் அக்கம்பியிலேயே 0.86 வோல்ட்டு இழப்பாகிவிடும். பழைய சொடுக்கியின் தேய்ந்த முனைகளும் துருவேறிய இணைப்புகளும் தம் பங்குக்கு மேலும் சிறிது பறித்துக்கொள்ளும். 12 வோல்ட்டில் 1.2 வோல்ட்டு, அதாவது பத்தில் ஒரு பங்கு, குறைந்தால் ஒளியும் பத்தில் ஒரு பங்குதான் குறையும் என்று எண்ணிவிடாதீர்கள். இழைக்குமிழில் ஒளி அதைக் காட்டிலும் மிக விரைந்து வீழும்; ஏறத்தாழ நூற்றுக்கு முப்பது பங்கு குறைந்துவிடும்.

இந்நிலையிற் பெரிய குமிழ் போட்டால் என்ன ஆகும்? 100 வாட்டு இரண்டு, 200 வாட்டு. மின்னோட்டம் 10 ஆம்பியரிலிருந்து ஏறத்தாழ 16.7 ஆம்பியராக உயர்கிறது. கம்பியிற் பிறக்கும் வெப்பமோ மின்னோட்டத்தின் இருமடிக்கு ஏற்ப உயரும். மின்னோட்டம் ஒன்றே முக்கால் மடங்குக்குச் சற்றுக் குறைவாகவே கூடியது. வெப்பம் ஏறத்தாழ 2.8 மடங்கு கூடிவிட்டது. கம்பியிலும் சொடுக்கியிலும் மின்னழுத்த இழப்பும் கூடுகிறது. குமிழுக்குச் சேரவேண்டியதை அவையே உண்டுவிடுகின்றன. எதிரே வருபவர் கண்கூசுவது தனிக்கேடு. உருகி எரிந்தது குற்றமன்று. 'என்னால் தாங்க இயலாது, நிறுத்து' என்று அது சொன்னது. அதன் வாயை அடைத்துச் செப்புக் கம்பி வைத்ததால், கம்பித் தொகுதி முழுவதுமே உருகியாயிற்று.

இவ்வளவும் எட்டாம் வகுப்பு மாணவனுக்குத் தமிழிற் சொல்லக்கூடிய செய்திதான். மின்னழுத்தம், மின்னோட்டம், தடை என்னும் மூன்று சொற்கள் போதும். அம்மூன்றும் பாடநூலில் இருக்கின்றன. பட்டறையில் மட்டும் இல்லை.

பெட்டி பிறந்த வரலாறு

மின்னோட்டம் காந்த ஊசியை அசைக்கும் என்பதை தென்மார்க்கு நாட்டு அறிஞர் எர்சுடெட்டு 1820-இல் வெளிப்படுத்தினார். 1825-இல் இங்கிலாந்தில் மின்காந்தம் உருவாயிற்று. அமெரிக்க அறிஞர் சோசப்பு என்றி 1835-ஆம் ஆண்டளவில், தொலைவிலிருந்து வரும் நலிந்த மின்னோட்டத்தைக் கொண்டு ஒரு மின்காந்தத்தை இயக்கி, அதன்வழி வேறொரு வலிய மின்சுற்றைத் திறக்கவும் மூடவும் கூடும் என்று செய்து காட்டினார். 1844-இல் வாசிங்டனுக்கும் பால்டிமோருக்கும் இடையே மோர்சு தொலைவரிக் கம்பி அமைத்தார். தொலைவரி நெடுந்தொலைவு பரவிய காலத்தில் இக்கருவியே அதன் உயிர்நாடி ஆயிற்று. நெடுந்தொலைவு வந்து களைத்த மின்னோட்டம் ஒரு நிலையத்தில் நிற்கும்; தன் செய்தியைப் புதிய மின்னோட்டத்திடம் ஒப்படைக்கும்; புதியது அடுத்த நிலையம் வரை ஓடும்.

இதற்கு அவர்கள் வைத்த பெயர் எங்கிருந்து வந்தது? பழைய நாளில் நெடும்பயணத்தில் வழிநிலையங்களிற் களைத்த குதிரையை அவிழ்த்துப் புதுக்குதிரை பூட்டுவர். அவ்வாறு மாற்றிப் பூட்டுதலைக் குறித்த பிரெஞ்சுச் சொல்லே ஆங்கிலத்துக்குச் சென்று 'ரிலே' ஆயிற்று. கருவி புதிது, சொல் பழைது. தொலைவரிக்காரர்கள் விண்ணிலிருந்து சொல்லை வருவிக்கவில்லை. சாலையில் ஓடிய குதிரையிடமிருந்து எடுத்துக்கொண்டனர். கலைச்சொல் பிறக்கும் முறை இதுவே. பழகிய தொழிலிலிருந்து புதிய தொழிலுக்குச் சொல் நடந்து செல்கிறது.

தமிழ்மண்ணும் இந்நிகழ்ச்சியை அறியாததன்று. ஓட்டர் ஒருவர் ஓடிவந்து பையை அடுத்தவரிடம் ஒப்படைக்க, அவர் அடுத்த நிலைக்கு ஓடும் அமைப்பு திருவிதாங்கூரிலும் கொச்சியிலும் 'அஞ்சல்' என்ற பெயராலேயே நடந்தது. 1951-இல் அவ்வமைப்புகள் இந்திய அஞ்சல் துறையோடு இணைந்தன. விளையாட்டுத் திடலில் நால்வர் கோல் மாற்றி ஓடுவதை அஞ்சலோட்டம் என்று சொல்லும் வழக்கும் உண்டு.

பெட்டிக்குள் நடப்பது

இனிப் பெட்டியைத் திறந்து பார்ப்போர்க்கு உள்ளே காண்பவை மூன்றே. மெல்லிய செப்புக் கம்பியை இரும்புத் தண்டின்மேல் பலநூறு சுற்றுச் சுற்றிய சுருள் ஒன்று. அதன் தலைமாட்டில் ஆடும் இரும்புத் தகடு ஒன்று. அத்தகட்டை விலக்கிப் பிடித்திருக்கும் சிறு வில் ஒன்று.

சுருளில் மின்னோட்டம் பாய்ந்தால் இரும்புத் தண்டு காந்தமாகிறது. காந்தம் தகட்டை இழுக்கிறது. 'டக்' என்று ஓசை கேட்கிறது. தகட்டின் நுனியிலுள்ள தொடுமுனை எதிர்முனையோடு பொருந்துகிறது. அப்பொருத்தத்தின் வழியே, சுருளோடு தொடர்பே இல்லாத வேறொரு பெரிய மின்னோட்டம் விளக்குக்கு ஓடுகிறது. சுருளில் ஓட்டம் நின்றால் காந்தம் அவிகிறது; வில் தகட்டை விலக்குகிறது; விளக்கு அணைகிறது.

சுருளின் தடை 80 ஓம் எனின், 12 வோல்ட்டில் அதற்கு வேண்டும் மின்னோட்டம் 0.15 ஆம்பியர்தான். விளக்குக்கு வேண்டியதோ பத்து ஆம்பியர். ஆகவே ஓட்டுநர் தொடும் சொடுக்கிக்கு இனி அறுபதில் ஒரு பங்கினும் குறைந்த சுமையே உண்டு. சொடுக்கி சூடாவதில்லை, முன்பலகைக்குப் பின்னுள்ள மெல்லிய கம்பிகள் கருகுவதில்லை. பெருஞ்சுமையோ மின்கலத்துக்கும் விளக்குக்கும் இடையே குறுக்குவழியில், தடித்த கம்பியில் ஓடுகிறது. இரண்டரைச் சதுர மில்லிமீட்டர் கம்பி இரண்டு மீட்டர் நீளமிருப்பின் பத்து ஆம்பியரில் இழப்பு 0.14 வோல்ட்டுக்கு மேற் போகாது. முன்னே கண்ட 0.86 எங்கே, இந்த 0.14 எங்கே! குமிழை மாற்றாமலேயே விளக்கு ஒளிர்வதன் மறை இவ்வளவே.

பெயர் என்ன?

இப்பொழுதுதான் பெயரைப் பற்றிப் பேசத் தகுதி பிறக்கிறது. பொருளின் தொழில் தெரியாமற் பெயர் வைப்பது, முகம் பாராமல் ஓவியம் தீட்டுவது போன்றது.

சிலர் 'உணர்த்தி' என்று வழங்குகின்றனர். நல்ல தமிழ்ச்சொல்லே. ஆனால் இக்கருவி உணர்த்துவதோடு நிற்பதன்று. இணைத்தும் விலக்கியும் செயற்படுவது. சொல் பாதி வழியில் நின்றுவிடுகிறது. 'இடைமாற்றி' என்பாரும் உளர். மாற்றி என்றவுடன் தொழிலாளர் நினைவுக்கு வருவது தெருமுனையில் நிற்கும் மின்மாற்றி. அது மின்னழுத்தத்தைக் கூட்டிக் குறைப்பது. இப்பெட்டி அதைச் செய்வதில்லை. மயக்கம் தரும் சொல் மின்தொழிலில் ஏதம் தரும் சொல்லாகும். 'அஞ்சல்' என்று சொல்லலாமா? மூலச்சொல்லின் கருத்துக்கு மிக நெருங்கியது அதுவே. ஆனால் அஞ்சலும் மின்னஞ்சலும் வேறு பொருளில் ஊன்றிவிட்டன. கூடுந்துக்கு மின்னஞ்சல் பொருத்து என்றால் நகைப்புக்கே இடமாகும்.

பெட்டி செய்வது என்ன? சிறு மின்னோட்டத்தின் ஏவலை ஏற்கிறது, பெருமின்னோட்டத்தை ஏவுகிறது. ஏவல் என்பது ஊர்ப்புறத்து வீடுகளிலும் வயல்களிலும் வழங்கும் சொல். ஆகவே 'மின்னேவி' எனலாம். நான்கே எழுத்து. பட்டறை இரைச்சலிலும் காதில் விழும். "அந்த மின்னேவியை எடு" என்று சொல்ல நாக்குக் கூசாது. இதனினும் சிறந்த சொல்லைப் பட்டறையாளர் ஒருவர் நாளை சொல்வாராயின், அதனைத் தலைமேற் கொள்வதே முறை. சொல்லைச் சமைப்பவர் புலவராயிருக்கலாம். உண்டு பார்த்துச் சொல்ல வேண்டியவர் தொழிலாளரே.

தூய தமிழ் அன்பர்கள் மறந்துவிடும் ஒன்றையும் இங்கே சொல்லியாக வேண்டும். ஈயமும் வெள்ளீயமும் கலந்து உருக்கி உலோகங்களை ஒட்டும் பொருளுக்குத் தமிழில் 'பற்றாசு' என்று பெயர். பொற்கொல்லரும் கன்னாரும் காத்த சொல் அது. அகரமுதலிகளில் இருக்கிறது. அதனை மறந்துவிட்டு மேசை முன்னமர்ந்து புதுச்சொல் தேடுவோரும் உளர். கொல்லரிடமும் தச்சரிடமும் கேளாமற் செய்யப்பெறும் கலைச்சொல் பட்டியல் அச்சேறும்; பட்டறை ஏறாது.

கம்பி இணைக்கும் முறை

பெயர் மட்டும் சொல்லி விடுவது ஒளி தாராது. செய்முறையையும் தமிழிற் கேளுங்கள்.

முன்னெச்சரிக்கை ஒன்று. புதிய ஊர்திகள் பலவற்றில் மின்னேவி முன்னரே பொருத்தப்பெற்று வருகிறது. சிலவற்றில் கணிப்பொறி விளக்கை ஆள்கிறது. அவற்றிற் கம்பியை வெட்டுதல் கூடாது. இங்குச் சொல்லப்பெறும் முறை, இழைக்குமிழ் கொண்ட, சொடுக்கி வழியே நேரடியாக விளக்கெரியும் பழைய ஊர்திகளுக்குரியது.

முதலாவது: மின்கலத்தின் எதிர்முனை இணைப்பைக் கழற்றிவிட வேண்டும். திருகுகருவி தவறித் தொட்டாலும் தீப்பொறி எழாது. ஆய்ந்து பார்க்க வேண்டிய இடங்களில் மட்டும் மீண்டும் இணைத்துக்கொள்ளலாம்.

இரண்டாவது: ஆய்வு விளக்கு ஒன்றைக் கொண்டு, சொடுக்கியிலிருந்து விளக்குக்கு வரும் கம்பிகளில் உயர்கதிருக்குரியது எது, தாழ்கதிருக்குரியது எது என்று காண வேண்டும். பெரும்பாலான ஊர்திகளில் சொடுக்கி நேர்முனை மின்னோட்டத்தைத் திறந்து மூடும். சிலவற்றில் விளக்குக்கு நேர்முனை எப்போதும் இருக்கும். சொடுக்கி எதிர்முனைப் பக்கத்தையே திறந்து மூடும். இதனை ஆயாமற் கம்பியில் கைவைத்தல் கூடாது. கீழே சொல்லப்பெறுவது முதல் வகைக்கு உரியது.

மூன்றாவது: உயர்கதிருக்கு ஒன்று, தாழ்கதிருக்கு ஒன்று என இரண்டு மின்னேவிகள் வேண்டும். அவற்றை முகப்பு விளக்குக்கு அணித்தாக, பொறியின் வெப்பம் தாக்காத இடத்தில், முனைகள் கீழ்நோக்கி இருக்குமாறு திருக வேண்டும். முனைகள் மேல்நோக்கி இருப்பின் மழைநீர் இறங்கித் துருவேற்றும்.

நான்காவது: மின்கலத்தின் நேர்முனையிலிருந்து இரண்டரைச் சதுர மில்லிமீட்டர் கம்பி ஒன்றை எடுத்து, மின்கலத்திலிருந்து ஒரு சாண் தொலைவுக்குள் உருகி வைத்து, மின்னேவியின் 30 என்ற முனைக்குக் கொண்டு சேர்க்க வேண்டும். இரண்டு மின்னேவிக்கும் தனித்தனி உருகி. பத்து ஆம்பியர் ஓட்டத்துக்குப் பதினைந்து ஆம்பியர் உருகி போதும். தட்டை உருகிகளில் அது நீலநிறம். உருகியை விளக்கருகே வைப்பது பயனற்றது. உருகி காப்பது விளக்கையன்று, கம்பியை. மின்கலத்துக்கும் உருகிக்கும் இடைப்பட்ட கம்பிக்குக் காவல் இல்லை. ஆகவே அது குறுகியதாய் இருத்தல் வேண்டும்.

ஐந்தாவது: 87 என்ற முனையிலிருந்து அதே தடிப்புள்ள கம்பி விளக்குகளுக்குச் செல்ல வேண்டும்.

ஆறாவது: முன்பு விளக்குக்கு வந்துகொண்டிருந்த பழைய கம்பியை 86 என்ற முனையில் இணைக்க வேண்டும். அதுவே ஏவல் கொண்டுவரும் கம்பி.

ஏழாவது: 85 என்ற முனையை வண்டியின் இரும்புடலோடு, வண்ணப்பூச்சைச் சுரண்டி இரும்பு தெரியச் செய்த இடத்தில் திருக வேண்டும். சில மின்னேவிகளுக்குள், சுருள் அணையும்போது தோன்றும் மின்வீச்சை அடக்கும் உறுப்பொன்று இருக்கும். அத்தகையவற்றில் 85, 86 இரண்டையும் இடமாற்றி இணைத்தால் உறுப்புக் கெடும்.

எட்டாவது: விளக்கிலிருந்து உடலுக்குச் செல்லும் கம்பியையும் தடித்ததாக மாற்ற வேண்டும். போகும் வழியை அகலமாக்கி, திரும்பும் வழியை ஒற்றையடிப் பாதையாக விட்டுவிட்டால் மங்கல் தீராது.

இணைப்புகளை முறுக்கி விடுதல் கூடாது. முனைகளை இறுக நெரித்தோ பற்றாசு வைத்தோ உறை இட வேண்டும். இரும்புத் தகட்டுத் துளை வழியே கம்பி செல்லுமிடத்தில் இரப்பர் வளையம் வைக்க வேண்டும். இல்லையேல் தகட்டின் கூர்விளிம்பு மேலுறையை அறுக்கும்.

எல்லாம் முடிந்தபின் சொடுக்கியைப் போடுங்கள். 'டக்' ஓசை கேட்டு விளக்கு எரிந்தால் பணி நிறைவு. ஓசை கேட்டும் விளக்கு எரியவில்லையாயின் 30, 87 ஆகியவற்றின் வழியை ஆய்க, உருகியைப் பார்க்க. ஓசையே கேட்கவில்லையாயின் 85, 86 ஆகியவற்றின் வழியை ஆய்க. காரியம் தெரிந்தவனுக்குக் காதே ஆய்வுக்கருவி. நெட்டுருப் போட்டவனுக்கோ எல்லா முனையும் ஒன்றே.

நான்கு எண்கள் சொல்லும் பாடம்

இந்த 30, 85, 86, 87 என்னும் எண்கள் யாருடையவை? ஆங்கிலேயருடையவை அல்ல. ஊர்தி மின்முனைகளுக்குச் செருமானியர் வகுத்த 72552 எனும் தரநெறியைச் சேர்ந்தவை. அந்நெறியில் மின்கலத்தின் நேர்முனைக்கு 30, உடலிணைப்புக்கு 31, உயர்கதிருக்கு 56அ, தாழ்கதிருக்கு 56ஆ என்று தமிழிற் சொல்லத்தக்க எண்கள் உள்ளன. ஒரு நாட்டார் தம் தொழிலுக்குத் தாமே வகுத்த ஒழுங்கு உலகப் பட்டறைகளில் எல்லாம் ஊன்றிவிட்டது.

அவர்கள் முகப்பு விளக்கை, 'ஒளியெறிவி' என்று பொருள்படும் தம் சொல்லாற் சொல்கின்றனர். உருகியைக் 'காப்பு' என்று பொருள்படும் தம் சொல்லாற் சொல்கின்றனர். இந்தச் சிறு பெட்டிக்கு மட்டும் பிரெஞ்சுச் சொல்லையே ஏற்றுக்கொண்டனர். 'பார்த்தீர்களா, அவர்களே அயற்சொல்லை ஏற்றுள்ளனரே' என்று தமிழ்ப்பகைவர் குதிக்க வேண்டா. சொல் ஒன்றை அயலிலிருந்து பெற்றாலும், அப்பொருளைப் பற்றிய முழு அறிவையும் அங்குள்ள பட்டறைச் சிறுவன் தன் தாய்மொழியிற் பெறுகிறான். கையேடு அவன் மொழியில். தேர்வு அவன் மொழியில். எச்சரிக்கை அவன் மொழியில். இங்கோ சொல்லும் அயல், நூலும் அயல், எச்சரிக்கையும் அயல். எரியும் கை மட்டும் தமிழன் கை.

தமிழால் முடியாது என்பது வரலாறு அறியாதார் கூற்று. அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிறீன் 1847-இல் யாழ்ப்பாணம் வந்து, மேலை மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். மருத்துவ நூல்களைத் தமிழில் வெளியிட்டார். உடலை அறுத்து உயிர்காக்கும் கல்வியே தமிழில் நடந்ததென்றால், விளக்குக்குக் கம்பி இணைக்கும் கல்வி நடவாதா? மறைமலையடிகள் தனித்தமிழ்க் கொடியை உயர்த்திய அதே 1916-இல் சேலத்தில் தமிழ் அறிவியற் சொற்களுக்கென ஒரு கழகம் தோன்றி இதழும் நடத்திற்று. நூறாண்டு கடந்துவிட்டது. சொற்கள் பல்லாயிரம் உள்ளன. அவை நூலகத் தட்டிலிருந்து இறங்கிப் பட்டறைச் சுவருக்கு வந்து சேரவில்லை. அத்தொலைவு ஒரு தெருவின் நீளந்தான். அதைக் கடக்க ஆளில்லை.

செய்ய வேண்டுவது

பெருமக்களே! தீர்மானம் நிறைவேற்றுவது எளிது. அதற்கு மாறாக ஒரே ஒரு செயலைச் செய்து காட்டுங்கள்.

ஒவ்வோர் ஊரிலும் உள்ள தமிழன்பர் தம் ஊர்ப் பட்டறை ஒன்றுக்குச் செல்லட்டும். முதல் நாள் கற்பிக்கச் செல்ல வேண்டா, கேட்கச் செல்லட்டும். தொழிலாளர் எந்த உறுப்பை எப்பெயரால் அழைக்கின்றனர் என்று குறித்துக்கொள்ளட்டும். அவற்றுள் நல்ல தமிழ் எத்தனை ஒளிந்திருக்கின்றது என்று கண்டு வியக்கட்டும். பின்பு மின்னறிவுள்ள ஒருவரைத் துணைக்கொண்டு, ஒரு பெரிய தாளில் மின்னேவியின் படத்தை வரையட்டும். 30: மின்கலத்திலிருந்து வரவு. 87: விளக்குக்குச் செலவு. 86: ஏவல் வரவு. 85: உடலிணைப்பு. அதன்கீழ்ச் சிவப்பு மையில் ஒரே வரி: 'உருகி எரிந்தால் ஏனென்று கேள், கம்பி சுற்றாதே.' அத்தாளைப் பட்டறைச் சுவரில் ஒட்டட்டும். செலவு ஒரு வேளை உணவின் விலைகூட ஆகாது.

மாணவர்களே! மின்னோட்டம், தடை என்று தேர்வுக்கு எழுதிவிட்டு மறந்துவிடாதீர்கள். நீங்கள் படித்ததை, படிக்க வாய்ப்பின்றிப் பட்டறைக்குச் சென்ற உங்கள் அண்ணனுக்குச் சொல்லுங்கள். அவர் கையால் அறிந்ததை நீங்கள் கேளுங்கள். உங்கள் இருவருக்கும் நடுவே நிற்கும் சுவர் ஆங்கிலச் சுவர். அதை இடிக்க உங்கள் இருவராலேயே இயலும்.

அந்தச் சிற்றூர் இளைஞர் இன்னும் அங்கேதான் இருக்கிறார். இன்றிரவும் ஓர் ஓட்டுநர் அவரிடம், விளக்கு மங்கலாயிருக்கிறது என்று வந்து நிற்பார். அவர் கை பெரிய குமிழை நோக்கிப் போகுமா, தடித்த கம்பியையும் மின்னேவியையும் நோக்கிப் போகுமா என்பது, சுவரில் அந்தத் தமிழ்த்தாள் இருக்கின்றதா இல்லையா என்பதைப் பொறுத்தது.

தாள் இன்னும் ஒட்டப்பெறவில்லை. ஒட்ட வேண்டியவர்கள் இவ்வவையில் அமர்ந்திருக்கின்றீர்கள்.

வாழ்க தமிழ்! வளர்க தமிழர் தொழிலறிவு!